தனி ஆவர்த்தனம் தேடி வந்த ராக் குழு

மேற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்தைச் சேர்ந்த எம்பிரியோ என்னும் ராக் இசைக்குழுவும், பெங்களூரின் ‘கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்’ என்னும் தாளவாத்தியக் கல்லூரியின் கலைஞர்களும், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரான சார்லி மரியானோவும் சேர்ந்து உருவாக்கிய ‘லைஃப்’ என்னும் இசைத்தட்டு 1980இல் ஷ்னேபால் என்ற சிறிய நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் அதை ஜாஸ் என்று ஒதுக்கினர். ஜாஸ் விமர்சகர்கள் அதை ராக் என்று விலக்கினர். கர்நாடக இசை உலகமோ அப்படியொரு தட்டு இருப்பதையே பெரும்பாலும் அறியாமல் இருந்துவிட்டது. மேற்கத்திய ராக் இசைக்கும் இந்திய இசைக்கும் இடையில் நடந்த எத்தனையோ சந்திப்புகளில், தாளத்தின் இலக்கணத்தை அடித்தளமாகக் கொண்ட மிகச் சிலவற்றுள் இது ஒன்று என்பதால், சத்தமில்லாமல் மறக்கப்பட்ட இந்தத் தட்டை மீண்டும் எடுத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

எம்பிரியோ தன் பயணத்தைத் தொடங்கியது சைக்கடெலிக் ராக் என்னும் வகையில். 1960களின் நடுப்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் உருவான இந்த வகை, எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருள்கள் தரும் மயக்க அனுபவத்தை ஒலியாக மாற்ற முயன்றது. நீண்டுகொண்டே போகும் கற்பனை வாசிப்பு, எதிரொலி, பின்னோக்கி ஓடவிடப்பட்ட ஒலிநாடா, மாறாமல் ஒலிக்கும் ஆதார ஸ்வரம் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த ஆதார ஸ்வரத்தைத் தேடித்தான் மேற்கத்திய இளைஞர்கள் இந்தியாவின் பக்கம் திரும்பினர். பீட்டில்ஸ் குழு 1965இல் ஒரு பாட்டில் சிதாரைச் சேர்த்தது; அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் அதைப் பின்பற்றியது; 1967இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விழாவில் ரவிசங்கர் வாசித்தபோது, சிதார் ஒரு தலைமுறையின் சின்னமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் சிதார் செய்த வேலை, வீட்டு வாசலில் தொங்கவிட்ட வண்ணத் திரையின் வேலைதான். திரையை எடுத்துவிட்டாலும் வீடு அப்படியே நிற்கும். ராகம் வளரும் முறையோ தாளம் சுழலும் முறையோ அந்தப் பாட்டுகளின் கட்டமைப்பைத் தொடவில்லை. தன் இசை போதைப் பழக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுவதை ரவிசங்கர் வெளிப்படையாகவே கண்டித்துவந்தார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஜெர்மனியில் நிலைமை சற்று வேறாக இருந்தது. போருக்குப் பின் பிறந்த தலைமுறை, தன் பெற்றோரின் பண்பாட்டையும் ஏற்க முடியாமல், அமெரிக்க ப்ளூஸ் இசையை நகலெடுப்பதிலும் நிறைவு காணாமல், இரண்டுக்கும் வெளியே புதிதாக ஒன்றைத் தேடியது. ஆங்கிலப் பத்திரிகைகள் பாதி கேலியாக ‘க்ரவுட்ராக்’ என்று பெயரிட்ட அந்தப் போக்கில் கொலோன் நகரத்தின் கேன், மியூனிக்கின் போப்பல் வூ போன்ற குழுக்கள் பின்னாளில் பெரும்புகழ் பெற்றன. அதே மியூனிக்கில் 1969இல் கிறிஸ்டியான் புர்கார்ட் என்பவர் தொடங்கியதே எம்பிரியோ. ட்ரம்ஸும் வைப்ரஃபோனும் வாசித்த புர்கார்ட், அதற்கு முன்பே அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் மால் வால்ட்ரனுடன் வாசித்துப் பழகியவர். வைப்ரஃபோன் என்பது வரிசையாக அடுக்கிய உலோகப் பட்டைகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் கருவி. பட்டைகளின் கீழுள்ள குழாய்கள் ஒலியைப் பெருக்கும்; அக்குழாய்களின் வாயில் சுழலும் வில்லைகள் ஒலி அலைபோல் ஏறி இறங்கச் செய்யும். ‘ஓப்பல்’ என்ற முதல் தட்டு 1970இல் வெளிவந்தபோது குழுவின் இசை சைக்கடெலிக் ராக் என்ற அடைப்புக்குள் ஓரளவு அடங்கியது. அதன்பின் ஒவ்வொரு தட்டிலும் அது அந்த அடைப்பை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. ஆள்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; புர்கார்ட் மட்டும் 2018இல் மறையும்வரை அதன் அச்சாக இருந்தார்.

அந்த விலகலில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு பெயர் இடையில் வருகிறது: நாதசுரம். பாஸ்டனில் 1923இல் பிறந்த சார்லி மரியானோ, சார்ல்ஸ் மிங்கஸ் போன்ற பெரிய ஜாஸ் இசையமைப்பாளர்களுடன் வாசித்து, பெர்க்லீ இசைக் கல்லூரியில் கற்பித்தவர். 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி அளிக்கச் சென்ற இடத்தில் அங்குள்ள தமிழரின் நாதசுர இசை அவரைப் பிடித்துக்கொண்டது. கற்கத் தொடங்கிய அவர், பின்னர் தென்னிந்தியாவுக்கே வந்து மேலும் கற்றார். சாக்ஸபோன் கலைஞருக்கு நாதசுரம் எளிதாக வசப்படும் கருவியன்று. சாக்ஸபோனில் இருப்பதுபோல ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சாவி அதில் இல்லை, சீவாளியை உதடு அழுத்தும் அளவாலும் மூச்சின் வேகத்தாலும் விரல் துளையை மூடும் பாங்காலும்தான் கமகம் பிறக்கிறது. எம்பிரியோவின் 1973ஆம் ஆண்டுத் தட்டான ‘வி கீப் ஆன்’ மரியானோ சேர்ந்து வாசித்தது. மின்கிதாருக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் நாதசுரம் ஒலிக்கும் அந்தத் தட்டைக் கேட்டால், சிதார் ராக் பாட்டுகளிலிருந்து இந்தக் குழு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும். மரியானோவின் நாதசுரம் திருவாவடுதுறைப் பாணி என்று யாரும் ஏமாற மாட்டார்கள். ஜாஸ் வாக்கியங்களை நாதசுரத்தின் உரத்த குரலில் பேசிப் பார்த்தார் அவர்.

பெரிய நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்ற எண்ணத்தில் எம்பிரியோவும் வேறு சில ஜெர்மன் குழுக்களும் 1976இல் தங்களுக்கென்று ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அதுவே பின்னர் ஷ்னேபால் என்று பெயர் மாறியது. எதைப் பதிவுசெய்வது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பவற்றை இசைக்கலைஞர்களே முடிவுசெய்த இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், விற்பனைக்கு ஒத்துவராத அடுத்த முயற்சி நடந்திருக்கவே முடியாது. 1978இன் இலையுதிர் காலத்தில் குழுவினர் பேருந்தில் ஏறி மியூனிக்கிலிருந்து தரைவழியாகத் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே இந்தியாவுக்குப் புறப்பட்டனர். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் நீண்ட அந்தப் பயணத்தில், போகும் ஊர்களிலெல்லாம் உள்ளூர்க் கலைஞர்களுடன் உட்கார்ந்து வாசித்ததை வெர்னர் பென்ட்செல் ‘வாகபுண்டன் கரவானே’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். பயணத்தின் இசை ‘எம்பிரியோஸ் ரைஸ’ என்ற இரட்டைத் தட்டாக 1979இல் வெளிவந்தது.

அந்தச் சாலை அதன்பின் அடைபட்டுப்போனது. குழு பயணத்தில் இருந்த காலத்திலேயே, 1979 ஜனவரியில், ஈரான் மன்னர் நாட்டைவிட்டு வெளியேறினார்; அதே ஆண்டின் டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. ஐரோப்பிய இளைஞர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பழைய பேருந்துகளில் வந்துகொண்டிருந்த ஒரு பாதையின் கடைசிப் பருவம் அந்த இரட்டைத் தட்டில் பதிவாகியிருக்கிறது. ‘ரைஸ’ பெற்ற கவனத்தில் ஒரு பகுதி இந்த வரலாற்றுத் தற்செயலால் வந்தது என்றுகூடச் சொல்லலாம். இசை என்ற அளவில் பார்த்தால், அதில் பல இடங்கள் சந்திப்பின் முதல் நாள் உற்சாகத்தோடு நின்றுவிடுகின்றன. பெங்களூர்க் கலைஞர்களோடு சேர்ந்து செய்த ‘லைஃப்’ அந்த உற்சாகத்தைத் தாண்டி உழைப்புக்கு வந்துசேர்ந்தது.

அக்காலத்துப் பெங்களூரில் இரண்டு இசை ஊர்கள் அருகருகே இருந்தன. பேட்டைப் பகுதிகளிலும் பசவனகுடி, மல்லேசுவரம், சாமராஜபேட்டை போன்ற இடங்களிலும் கர்நாடக இசை செழித்தது. சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தின் ராமநவமிக் கச்சேரிகள் 1939 முதல் நடந்துவருபவை. மறுபுறம், ஆங்கிலேயர் படைவீடாக இருந்த கன்டோன்மென்ட் பகுதியின் கிளப்புகளிலும் ஓட்டல்களிலும் மேற்கத்திய நடன இசையும் ஜாஸும் பின்னர் ராக்கும் வளர்ந்தன. 1970களில் ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்ற ராக் குழு அந்தப் பக்கத்தில் பெரும்பெயர் பெற்றிருந்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்த, சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், ராக் மேடையிலிருந்து இறங்கித் தவிலும் பிற தென்னிந்தியத் தாளக்கருவிகளும் கற்கப் போனார். அவர் படித்த இடங்களுள் ஒன்று அந்தத் தாளவாத்தியக் கல்லூரி. எம்பிரியோவின் பேருந்து வருவதற்கு முன்பே இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது என்பதையே இது காட்டுகிறது. ஜெர்மானியர் வந்து திறந்துவைத்த கதவன்று அது.

கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி அதை வழிநடத்தினார். அவருடைய மனைவி ஆர்.ஏ. ரமாமணி பாடகர், இசையமைப்பாளர். கடமும் மோர்சிங்கும் வாசித்த ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா வாசித்த டி.என். சசிகுமார் ஆகியோர் வெளிநாட்டு மேடைகளில் அவர்களுடன் சேர்ந்தனர். பள்ளியாகவும் கச்சேரிக் குழுவாகவும் ஒரே நேரத்தில் இயங்கிய இந்த நிறுவனத்தின் தனித்தன்மையை உணரச் சபைக் கச்சேரியின் வழக்கம் ஒன்றை நினைத்தால் போதும். அங்கே மிருதங்கமும் கடமும் பக்கவாத்தியங்கள். பாடகர் கைகாட்டும்போதுதான் அவற்றுக்குத் தனி ஆவர்த்தனம் கிடைக்கும். அது தொடங்கியதும் கான்டீன் பக்கம் எழுந்துபோகும் ரசிகர் கூட்டம் ஒவ்வொரு சபையிலும் உண்டு. தாளவாத்தியத்தையே நடுவில் வைத்துப் பாடங்களையும் உருப்படிகளையும் அமைத்த ஒரு கல்லூரிக்கு, ட்ரம்ஸை முதுகெலும்பாகக் கொண்ட ராக் குழுவின் வருகை வாய்ப்பாக அமைந்தது இயல்பே. ராக் ரசிகர் தாள வாசிப்பு தொடங்கியதும் எழுந்துபோகிறவர் அல்லர், அதற்காகவே காத்திருப்பவர். பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட கலைக்கு அயலூரில் நடு இருக்கை கிடைத்தது என்பது, நம் சபைகளுக்கு அவ்வளவு பெருமை தரும் செய்தியன்று.

இரு தரப்புக்கும் பொதுமொழியாக அமைந்தது கொன்னக்கோல். மிருதங்கத்தில் விழும் அடிகளைச் சொற்கட்டுகளாக வாயால் சொல்லும் கலை அது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, ததிகிணதொம் என்றால் ஐந்து எனக் கணக்கு சொல்லிலேயே அடங்கியிருக்கும். ராக் இசையின் வழக்கமான சுற்று நான்கு தட்டுகள் கொண்டது. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றுக்குப் பதினாறு மாத்திரைகள் கிடைக்கும். பாஸ் கிதார் இந்தப் பதினாறையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும்போது, ததிகிணதொம் என்பதை மூன்று முறை சொன்னால் பதினைந்து மாத்திரைகள் ஆகும். ஆகவே, முதல் மாத்திரையை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்கினால், மூன்றாவது ததிகிணதொம் முடிந்த கணத்தில் அடுத்த சுற்றின் முதல் தட்டு, அதாவது சமம், எல்லோர் கையிலும் ஒன்றாக விழும். இடையில் எந்தச் சொல்லும் தட்டோடு ஒழுங்காகப் பொருந்தாமல் நழுவிக்கொண்டே போய், தொலைந்தது என்று கேட்பவர் நினைக்கும் இடத்தில் வீடு வந்துசேர்கிறது.

இன்னும் நீண்ட கணக்கும் உண்டு. ஐந்து மாத்திரைச் சொல்லை இடைவிடாமல் பதினாறு முறை சொன்னால் எண்பது மாத்திரைகள். அதற்குள் பாஸ் கிதார் ஐந்து சுற்றுகளை முடித்திருக்கும். தொடக்கத்தில் சேர்ந்திருந்த இரண்டும் அதன்பின் அப்போதுதான் மீண்டும் சேரும். சைக்கடெலிக் ராக் எதிரொலிக் கருவியாலும் ஒலிநாடா வித்தையாலும் உண்டாக்க முயன்ற, காலம் நழுவுவது போன்ற உணர்வை, இந்தக் கலைஞர்கள் வெறும் எண்ணிக்கையால் உண்டாக்கிவிடுகிறார்கள். போதை வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தொடையில் தாளம் போடத் தெரிந்தால் போதும். சிதார் ராக் தேடிவந்தது இந்திய இசையின் நிறத்தை. எம்பிரியோ பெங்களூரில் கண்டது அதன் கணக்கை. நிறத்தைக் கடன் வாங்கியவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் அது சலித்துவிட்டது. கணக்கைக் கற்றவர்கள் அதை வைத்துப் புதிய இசையைக் கட்டிக்கொண்டே போக முடிந்தது.

இதனால் எல்லாம் இசைவாக முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளுக்கு நிலைத்த சுருதி. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவோ ஒரு ஸ்வரத்தை அசைக்கவோ அவற்றால் முடியாது. ரமாமணியின் குரலோ கமகத்தில் வாழ்வது. இரண்டும் ஒரே மெட்டை ஒன்றாக எடுக்கும்போது, குரல் தன் வளைவுகளைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கருவி மெலிந்து பின்னால் போகவேண்டும். மிருதங்கம் ஒரு சுருதிக்குக் கட்டப்பட்ட தோல். ஆகையால் ஜாஸ் வழக்கப்படி ஆதார ஸ்வரத்தையே இடையில் மாற்றிச் செல்ல வழியில்லை. ஒலிபெருக்கியின் பலத்தில் முழங்கும் ட்ரம்ஸின் அருகே கடத்தின் விரல்நுனி நயங்களும் மோர்சிங்கின் மெல்லிய அதிர்வும் அமுங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இத்தகைய கூட்டு முயற்சிகளை மதிப்பிட இந்த இடங்களைக் கவனிப்பதே நல்ல வழி: யார் யாருக்காக விட்டுக்கொடுக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். பெங்களூர்க் கூட்டில் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தவர்கள் ராக் கலைஞர்கள்தான் என்பது அவர்களுக்குப் பெருமை. மரியானோ இரு தரப்புக்கும் நடுவே நின்று உதவினார். சாக்ஸபோனில் சுருதியை வளைக்கவும் ஜாஸ் முறையில் வாக்கியங்களை வளர்க்கவும் அவரால் முடிந்தது.

இவ்வளவு இருந்தும் ‘லைஃப்’ ஏன் பேசப்படவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் வணிகத்தில் இருக்கிறது. 1970களின் நடுவில் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரின் ‘சக்தி’ குழுவுக்குப் பின்னால் கொலம்பியா என்னும் பெருநிறுவனம் நின்றது. ஷ்னேபாலுக்கு அத்தகைய விற்பனைப் பலம் இல்லை. உலக இசை என்று ஒரு தனி அடுக்கைக் கடைகளில் ஒதுக்குவது என்று லண்டனில் சிறு நிறுவனங்களின் தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததே 1987இல்தான். அதற்கு ஏழாண்டுகள் முன்பே வந்துவிட்ட தட்டை எந்த அடுக்கில் வைப்பது என்று விற்பவருக்கும் தெரியவில்லை. 1980இல் ராக் ரசிகரின் கவனமும் நீண்ட வாசிப்புகளை வெறுத்த பங்க் இசையின் பக்கம் போய்விட்டிருந்தது.

சந்திப்பின் பலன்கள் வேறு வழிகளில் தொடர்ந்தன. இந்தியப் பயணத்தில் பங்கேற்ற உவே மியூல்ரிஷ், ஃப்ரீடோ யோஷ், மிஷாயேல் வேமயர் ஆகிய மூவரும் எம்பிரியோவிலிருந்து பிரிந்து 1981இல் டிஸிடென்டன் என்ற குழுவைத் தொடங்கியபோது, அவர்களின் முதல் தட்டான ‘ஜெர்மனிஸ்தான்’ பெங்களூர்க் கல்லூரியின் கலைஞர்களோடு சேர்ந்தே 1982இல் வந்தது. அங்கிருந்து மொராக்கோவுக்குப் போன அவர்கள், 1984இன் ‘சஹாரா எலெக்ட்ரிக்’ மூலம் ஐரோப்பிய நடன அரங்குகளில் கொடிகட்டிப் பறந்தனர். ரமேஷ் ஷோத்தம் கொலோனில் குடியேறி, ஐரோப்பிய ஜாஸ் உலகில் தவிலையும் கடத்தையும் ட்ரம்ஸோடு சேர்த்து வாசிக்கும் கலைஞராக நிலைபெற்றார். எம்பிரியோவை இன்று புர்கார்டின் மகள் மார்யா நடத்துகிறார். அவருடைய தலைமையில் உருவான ‘அவுஃப் அவுஃப்’ 2021இல் அமெரிக்க ஹிப்ஹாப் கலைஞர் மேட்லிப்பின் நிறுவனத்தில் வெளியானது. இந்தியத் திரையிசைத் துணுக்குகளை வெட்டி ஒட்டி 2007இல் ஒரு தட்டே செய்தவர் மேட்லிப் என்பதால் அந்த உறவும் வியப்பானதன்று.

மரியானோவும் கல்லூரிக் கலைஞர்களும் மட்டும் சேர்ந்து 1983இல் மியூனிக்கின் புகழ்பெற்ற இ.சி.எம். நிறுவனத்துக்காகச் செய்த ‘ஜோதி’ இன்று எளிதாகக் கிடைக்கிறது. அறிமுகம் இல்லாதவர் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. அதில் ட்ரம்ஸும் மின்கிதாரும் இல்லை; ரமாமணியின் குரலும் மரியானோவின் சாக்ஸபோனும், கடத்தின் மிக மெல்லிய அடியும்கூடத் துல்லியமாகக் கேட்கும். அதைக் கேட்டுச் சொற்கட்டுகள் காதில் படிந்தபின் ‘லைஃப்’ தட்டுக்குத் திரும்பினால், ராக் குழுவின் இரைச்சலுக்கு அடியில் அதே கணக்குகள் ஓடுவதை அடையாளம் காணலாம். இரண்டில் ‘ஜோதி’ அழகு கூடியது, குறையும் குறைந்தது. ஆனால் அங்கே யாரும் யாருடனும் முட்டிக்கொள்வதில்லை. சமம் தவறிவிடுமோ என்ற பதற்றம் ‘லைஃப்’ தட்டில்தான் இருக்கிறது.